தட்டு வெறுமையாகத் திரும்பாது

இன்றைய தலைப்பு கிறிஸ்துமஸ் பரிசு. பரிசு என்றதும் எல்லாருக்கும் கடைதான் நினைவுக்கு வரும். இந்தப் பேச்சு ஒரு குப்பை மேட்டிலிருந்து தொடங்குகிறது. பண்டிகை நேரத்தில் குப்பையைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

நெகிரி செம்பிலானில் மந்தினுக்குப் பக்கத்து ஊர் பாஜாம். அங்கே பல ஆண்டுகளாகக் குப்பை கொட்டப்பட்ட நிலம் ஒன்று நிரம்பி மூடப்பட்டது. 2012ஆம் ஆண்டில் அந்த மேட்டின் மேலேயே சூரிய ஒளித் தகடுகளைப் பரப்பி, 8 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் பூங்கா ஒன்றை அமைத்தார்கள். பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் தகடுகளுக்குக் கீழே புதைந்திருப்பது என்ன? சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களும் தாமான்களும் ஆண்டுக்கணக்காக வீசியெறிந்தவை. அவற்றுள் எத்தனை தீபாவளி, எத்தனை நோன்புப் பெருநாள், எத்தனை கிறிஸ்துமஸ் அடங்கியிருக்கும் என்று யார் எண்ணிச் சொல்ல முடியும்?

பாஜாம் மூடப்பட்டால் குப்பை நின்றுவிடுமா? இன்று இந்த மாநிலத்தில் குப்பை என்றதும் முதலில் சொல்லப்படும் இடம் போர்ட்டிக்சன் மாவட்டத்து லாடாங் தானா மேரா. பெயரைக் கவனியுங்கள். லாடாங் என்றால் தோட்டம். ஒரு தோட்டத்தின் பெயர் இப்போது குப்பை நிலத்தின் முகவரியாகி நிற்கிறது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது கேட்க இனிமையான செய்தி அல்ல. குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையும் அங்கே வந்திருக்கிறது. எரித்தாலும் புதைத்தாலும், லாரி ஏறிய பொருள் எங்கோ ஒரு தோட்டத்து மண்ணைத் தேடித்தான் போகிறது.

இனி வீட்டுக்குள் வருவோம்.

மந்தின் வட்டாரத்தில் பண்டிகைக்குச் சாமான் வாங்க வேண்டுமென்றால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது நீலாய் 3 மொத்த விற்பனை வளாகம். தரைவிரிப்பு, திரைச்சீலை, துணிமணி, பிளாஸ்டிக் பூ, அலங்கார விளக்கு என்று கடை கடையாக இருக்கும். டிசம்பர் வந்தால் பரிசுக் கூடைக்கும் கணக்கில்லை. ஹேம்பர் என்று சொல்கிறோமே, அதைத்தான் சொல்வது. அந்த ஹேம்பரை ஒருநாள் பொறுமையாகப் பிரித்துப் பாருங்கள். அடியில் பாதி உயரத்திற்கு அட்டைப்பெட்டியும் கசக்கிய தாளும். அதற்குமேல் எட்டுப் பத்துப் பெட்டிகள், ஒவ்வொன்றும் உள்ளே இருக்கும் பொருளைவிடப் பெரியது. மேலே வலைத்துணி, ரிப்பன், பிளாஸ்டிக் இலை. எல்லாவற்றையும் சுற்றி மொறுமொறுக்கும் கண்ணாடித்தாள். அந்தக் காலத்துக் கண்ணாடித்தாள் மரக்கூழிலிருந்து வந்தது, மண்ணில் மக்கிவிடும். இன்று அதே பெயரில் விற்பது பெரும்பாலும் பிளாஸ்டிக். கூடைக்கு மட்டும் ஒரு புண்ணியம் உண்டு. பல வீடுகளில் அது வெங்காயக் கூடையாகிக் கடைசிவரை உழைக்கிறது.

பளபளக்கும் பரிசுத்தாளும் அப்படித்தான். கையில் எடுத்துக் கசக்கிப் பாருங்கள். கசங்கியபடியே கிடந்தால் காகிதம். மெல்ல மெல்ல விரிந்து எழுந்தால் அதில் பிளாஸ்டிக் படலம் இருக்கிறது, மறுசுழற்சிக்கு உதவாது. மினுக்கும் தூள் ஒட்டியதும் உதவாது. நெகிரி செம்பிலானில் 2015 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து வீட்டுக் குப்பையைத் தரம் பிரித்து வைப்பது சட்டம். 2007ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டத்தின்கீழ் வந்த ஏற்பாடு அது. வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பை, ஒருநாள் மறுசுழற்சிப் பொருள். கிறிஸ்துமஸ் மறுநாள் அந்த மின்னும் தாளைக் காகிதத்தோடு சேர்த்துக் கட்டி வைத்தால் தரம் பிரித்ததாக மனசுக்குத் தோன்றும். ஆனால் அது மற்றக் காகிதத்தையும் கெடுத்துவிடும்.

பரிசைத் தாளில் சுற்றித்தான் கொடுக்க வேண்டும் என்பது வேதவாக்கா? அதற்கும் ஒரு கதை இருக்கிறது. 1917 டிசம்பரில் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஹால் சகோதரர்களின் கடையில் பரிசு சுற்றும் மெல்லிய தாள் தீர்ந்துபோயிற்று. கடிதஉறைக்கு உட்புறம் ஒட்டும் பூப்போட்ட தாள் கொஞ்சம் கிடந்தது. அதை எடுத்து விற்றார்கள், நொடியில் தீர்ந்தது. மறு ஆண்டும் தீர்ந்தது. பிறகு தாங்களே அச்சடிக்கத் தொடங்கினார்கள். பின்னாளில் ஹால்மார்க் என்று உலகமெங்கும் பேர் எடுத்த நிறுவனம் அதுதான். சரக்கு தீர்ந்த ஒரு கடையின் அவசரம் நூறு ஆண்டில் உலக வழக்கமாகிவிட்டது. குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த ஞானிகள் கொண்டுவந்ததும் பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம். அவற்றுள் எதுவும் குப்பைக்குப் போகிற சாமான் இல்லை.

குப்பை என்றால் உள்ளூர்க் குப்பை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவை இனி வாங்குவதில்லை என்று 2018 தொடக்கத்தில் சீனா கதவை மூடியது. உடனே அந்தச் சரக்கு மலேசியாவின் பக்கம் திரும்பியது. சிலாங்கூரில் ஜெஞ்சாரோம் மக்கள் நாற்றம் தாங்காமல் குரல் கொடுத்தது நினைவிருக்கும். 2020 ஜனவரியில் 150 கொள்கலன் குப்பையை 13 நாடுகளுக்கே திருப்பி அனுப்பிவிட்டதாக அரசாங்கம் அறிவித்தது. ஆக, வேறொரு நாட்டில் பிரிக்கப்பட்ட பரிசின் உறையும் இந்த மண்ணுக்குத்தான் வந்து சேரப் பார்த்தது.

இப்போது தோட்டத்துக்குப் போவோம். ஏனென்றால் இந்த விஷயத்தில் வெளியூர்க்காரர் யாரும் தோட்டத்துத் தமிழனுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

பால்மரத் தோட்டத்தில் எது வீணாகப் போனது? காலையில் வெட்டிய பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுபோன பிறகும் வேலை முடிவதில்லை. மங்கில் மீந்து உறைந்ததைப் பிய்த்து எடுத்தார்கள். மரத்தின் வெட்டில் நூலாகக் காய்ந்த ஒட்டுப்பாலை மறுநாள் உரித்து எடுத்தார்கள். மண்ணில் சிந்தி உறைந்ததையும் விடவில்லை. அதற்கும் நிறை உண்டு, காசு உண்டு. வீட்டிலும் அதே கணக்குத்தான். பால் டின் அரிசி அளக்கும் படியாயிற்று. காப்பிக்கடைக்காரர் அதே டின்னில் கயிறு கட்டிக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். மாவுச் சாக்குத் துணி துவைத்து வெளுத்துப் பிள்ளைகளுக்கு உள்ளாடையாயிற்று. பெரிய பிஸ்கட் டின்னில் முறுக்கு இருக்கும், முறுக்கு தீர்ந்தால் பிறப்புப் பத்திரமும் சிவப்பு அடையாள அட்டையும் இருக்கும். தாமானில் இன்றும் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு வருகிற ‘சூராட் காபார் லாமா’ லாரிக்காக வீட்டம்மா பழைய பேப்பரைக் கட்டி வைப்பது அந்தப் பழக்கத்தின் மிச்சம்தான்.

அப்படிப்பட்ட மக்கள் ஏன் இன்று ஹேம்பர் வாங்குகிறார்கள்? இங்கேதான் சுற்றுச்சூழல் பேசுகிறவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ‘புதிது வாங்காதீர்கள், பழையதைப் பரிசாகக் கொடுங்கள்’ என்பது அவர்கள் வழக்கமாகச் சொல்லும் ஆலோசனை. நல்ல ஆலோசனைதான். ஆனால் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். பழைய துணி என்பது மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குத் தள்ளிவிடுவது என்றே அவர் கண்டு வளர்ந்திருக்கிறார். பங்களாவிலிருந்து வந்த பழைய சட்டைக்குக் கைகூப்பி நன்றி சொல்ல வேண்டியிருந்தது, திருப்பிக் கொடுக்க முடியாது. திருப்பிக் கொடுக்க முடியாத இடத்திலிருந்து வருவதற்குப் பெயர் பரிசு அல்ல. அதனால்தான் கையில் நாலு காசு புழங்கத் தொடங்கியதும், கண்ணாடித்தாள் கிழியாத, விலைச்சீட்டின் தடம்கூடத் தெரிகிற புதிய பொருளைக் கொடுப்பதில் ஒரு பெருமிதம் வந்தது. அந்தப் பெருமிதத்தைக் கேலி செய்துவிட்டுக் குப்பையைக் குறைக்க முடியாது.

ஆனால் அதே லயத்தில் வேறொரு கொடுக்கல் வாங்கலும் இருந்தது. அதில் மேலும் கிடையாது, கீழும் கிடையாது. அதுதான் பலகாரத் தட்டு. கிறிஸ்துமஸுக்கு வேதக்கார வீட்டிலிருந்து முறுக்கும் அச்சுமுறுக்கும் அதிரசமும் ஒரு துண்டுக் கேக்கும் எவர்சில்வர் தட்டில் வந்து சேரும், மேலே ஒரு கைக்குட்டை மூடியிருக்கும். தீபாவளிக்கு இந்த வீட்டுத் தட்டு அந்த வீட்டுக்குப் போகும். தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது எழுதாத சட்டம். வேறு எதுவும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடுப்பார்கள். குப்பை என்று பார்த்தால் அதில் என்ன இருக்கிறது? தட்டும் கைக்குட்டையும் உரிய வீட்டுக்கே திரும்பிவிடும், பலகாரம் வயிற்றுக்குள் போய்விடும். பெறுகிறவருக்குக் கூச்சமும் இல்லை, ஏனென்றால் அவர் முறை வரப்போகிறது.

இந்தத் தட்டு ஏன் நின்றது? தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1998இல் சிப்பாங்கில் விமான நிலையம் திறந்தது, நீலாயும் அதன் சுற்றுப்புறமும் நகரமாயின. லயத்தில் வரிசையாக இருந்தவர்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் சிதறினார்கள். நான்காவது மாடிக்காரர் தட்டை ஏந்திக்கொண்டு எங்கே போவார்? பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்தால் திரும்ப வரவேண்டிய அவசியமில்லை என்று வசதிக்காகத் தொடங்கியது, பிறகு டப்பாவும் வேண்டாம், கடையிலேயே வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று ஆயிற்று. திரும்ப வரவேண்டிய அவசியமில்லை என்றால் மனிதரும் திரும்ப வரமாட்டார் அல்லவா?

தட்டை மீண்டும் கொண்டுவருவதில் சிக்கலே இல்லை என்று சொல்ல முடியாது. முதல் சிக்கல் ஹலால். மலாய் அண்டைவீட்டாருக்கு வீட்டுப் பாத்திரத்தில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், சாப்பிடத் தயங்கலாம். அவர்களை அந்தச் சங்கடத்தில் நிறுத்துவானேன்? அவர்கள் நம்பி வாங்கும் கைத்தொழில் பலகாரக்காரரிடமே வாங்கிப் புதிய கண்ணாடி ஜாடியில் கொடுக்கலாம். ஜாடி பிறகு அவர்கள் சமையலறையில் ஊறுகாய்க்கு உதவும். பழக்கூடை கொடுத்தால் அந்தக் கேள்வியே எழாது.

இரண்டாவது சிக்கல் இன்னும் பெரியது. மலேசிய வீடுகளின் குப்பையில் மிகப்பெரிய பங்கு பிளாஸ்டிக் அல்ல, சாப்பாடுதான். 2012ஆம் ஆண்டு தேசிய அளவில் எடுத்த கணக்கில் வீட்டுக் குப்பையில் 44.5 விழுக்காடு உணவுக்கழிவு. அது காற்றுப் புகாத குப்பை மேட்டுக்குள் அழுகும்போது மீத்தேன் வாயு கிளம்புகிறது. வானத்தைச் சூடாக்குவதில் கரியமில வாயுவை விடப் பலமடங்கு வலியது அது. ஆக, பலகாரம் கொடுத்துவிட்டேன், புண்ணியம் சேர்ந்தது என்று இருந்துவிட முடியாது. ஆறு வீட்டிலிருந்து ஆறு தட்டு முறுக்கு ஒரே நாளில் வந்தால் ஜனவரியில் அது எங்கே போகும் என்று வீட்டம்மாக்களுக்குத் தெரியும். முறுக்கை ஒரு வீடு, கேக்கை ஒரு வீடு, நெய்யுருண்டையை ஒரு வீடு என்று முன்கூட்டியே பேசிப் பிரித்துக்கொள்வதில் வெட்கம் என்ன இருக்கிறது? அளவும் அப்படித்தான். ஒரு வேளைத் தேநீருக்குப் போதுமான பலகாரம் போதும். சுட்ட எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் சேர்த்து வைத்தால் அதை விலைக்கு எடுக்கும் ஆட்களும் இருக்கிறார்கள்.

சுற்றுவதற்குத் துணி போதும். பரிசைச் சுற்றும் துணியே பரிசின் பாதியாக இருக்கட்டும். ஒரு நல்ல துவாலை, ஒரு பாத்திக் கைலி, நெசவுச் சேலை ஒன்று. இதிலும் தமிழருக்குப் பழைய அனுபவம் உண்டு. கல்யாண வீட்டில் தேங்காயும் வெற்றிலை பாக்கும் போட்டுக் கொடுத்த மஞ்சள் துணிப் பையை மறந்தவர் உண்டா? மணமக்கள் பெயர் அச்சடித்த அந்தப் பையோடு சந்தைக்குப் போனால் ‘யார் வீட்டுக் கல்யாணம்?’ என்று நாலு பேர் கேட்பார்கள். இடையில் ஒரு காலத்தில் மஞ்சள் பை தூக்கியவர் என்றாலே பட்டிக்காட்டான் என்று ஆயிற்று. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கில் 14 வகைகளுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பர் 23ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். மறு ஆண்டு சென்னைக் கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரமும் வந்தது. அதனால் பிளாஸ்டிக் ஒழிந்துவிட்டதா என்றால் இல்லை. ஆனால் மஞ்சள் பை தூக்குவதற்கு இருந்த கூச்சம் குறைந்தது, அதுவே பாதி வேலை.

அங்பாவ் கொடுக்கும் பழக்கமும் இப்போது கிறிஸ்துமஸ் வீடுகளுக்கு வந்துவிட்டது. பணம் கொடுப்பது குப்பை குறைந்த பரிசுதான், வாங்குகிறவர் தமக்கு வேண்டியதை வாங்கிக்கொள்வார். ஆனால் மடங்காத புது நோட்டு வேண்டும் என்று வங்கியில் வரிசை நிற்பதெதற்கு? புழக்கத்தில் இருக்கும் நல்ல நோட்டையே கொடுங்கள் என்று பேங்க் நெகாராவே பண்டிகைதோறும் கேட்டுக்கொள்கிறது. உறையையும் ஒட்டாமல் கொடுத்தால் அடுத்த பண்டிகைக்கு ஆகும்.

பொருளே இல்லாத பரிசுகளும் உண்டு. வயதான அத்தைக்கு மீண்டும் ஒரு சேலை வாங்குவதைவிட, ஓரமாகக் கிடக்கும் அவருடைய தையல் இயந்திரத்தைப் பழுது பார்த்துக் கொடுக்கலாம். கண்ணாடியின் பவர் மாறியிருந்தால் புது லென்ஸ் போட்டுக் கொடுக்கலாம். ஐந்தாம் படிவம் போகும் பிள்ளைக்கு மூன்று மாத டியூஷன் கட்டணம் கட்டலாம். தாத்தாவுக்கு ஒரு ஆண்டுக்குத் தமிழ்ப் பத்திரிகைச் சந்தா கட்டினால் 26ஆம் தேதியிலிருந்து தினமும் காலையில் பரிசு வந்துகொண்டே இருக்கும், படித்து முடித்ததும் அதுவே பொட்டலம் மடிக்கவும் லாமா லாரிக்கும் ஆகும். (பத்திரிகைக்காரர்கள் இதைக் கேட்டு மகிழலாம்.)

பிள்ளைகள் விஷயத்தில்தான் பெரியவர்கள் தடுமாறுகிறார்கள். கையில் தட்டினால் பாடி மின்னும் பத்து வெள்ளி பொம்மை இரண்டு நாளில் ஊமையாகும். அதில் இருக்கும் பட்டன் பேட்டரி குப்பையாக மட்டும் போவதில்லை. குழந்தை விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும் ஆபத்தும் உண்டு. அதற்காகப் பிள்ளைக்கு மரக்கன்றைக் கொடுத்து ‘சுற்றுச்சூழலைக் காப்பாற்று’ என்று உபதேசம் செய்தால் அது அழும், அழுவதுதான் நியாயம். பந்து கொடுங்கள், கதைப்புத்தகம் கொடுங்கள், பூப்பந்து மட்டை கொடுங்கள். பேட்டரி இல்லாத விளையாட்டுச் சாமானுக்கு ஆயுள் அதிகம். ஒரு பிள்ளை வளர்ந்து விட்டுப்போன சைக்கிளை இன்னொரு பிள்ளைக்குக் கொடுப்பதாக இருந்தால் சங்கிலிக்கு எண்ணெய் போட்டு, சீட்டு மாற்றி, புதிய பெயின்ட் அடித்துக் கொடுங்கள். பங்களாச் சட்டைக்கும் இதற்கும் வித்தியாசம் அந்தப் பெயின்ட்டில் இருக்கிறது. கொடுத்தவர் தம் உழைப்பை அதில் போட்டிருக்கிறார் என்பது வாங்குகிற பிள்ளைக்குத் தெரியும்.

‘சொந்தக்காரர்கள் கஞ்சன் என்று பேசமாட்டார்களா?’ என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். பேசுவார்கள். முதல் ஆண்டு கட்டாயம் பேசுவார்கள். அதனால் கிறிஸ்துமஸ் மரத்தடியில் திடீரென்று துணிப் பொட்டலத்தை வைத்து யாரையும் திகைக்க வைக்க வேண்டாம். நவம்பரிலேயே குடும்பத்தில் பேசிவிட வேண்டும். பெரிய குடும்பமாக இருந்தால் எல்லாரும் எல்லாருக்கும் வாங்காமல், சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். இருபது பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஆள் வாங்கினால் முந்நூற்று எண்பது பொட்டலம். சீட்டுப் போட்டால் இருபது. மிச்சமாகும் பணத்தில் அந்த இருபதையும் உருப்படியாக வாங்கலாம். சம்பளம் குறைந்த தம்பிக்கு டிசம்பரில் கடன் வாங்க வேண்டிய நிலையும் இராது. அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார், ஆனால் அந்த வீட்டில் யாராவது ஒருவருக்கு எப்போதும் அந்தக் கவலை இருந்துகொண்டுதான் இருக்கிறது.

நவம்பர் என்று சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கறிவேப்பிலைக் கன்று கொடுக்க நினைப்பவர்கள் தாய்ச்செடியின் வேரிலிருந்து கிளம்பும் குட்டியை வேரோடு பிரித்து இப்போதே பால் டின்னில் நட்டுவிட வேண்டும். டின்னின் அடியில் ஆணியால் நாலு ஓட்டை போட மறக்கக் கூடாது. ஆறு ஏழு வாரம் நிழலில் வைத்துத் தண்ணீர் விட்டால் புதுத் துளிர் விடும். துளிர் விட்ட பிறகு கொடுப்பதுதான் மரியாதை. முருங்கை என்றால் அத்தனை நாள் வேண்டாம். கட்டைவிரல் பருமனுக்கு மேல் உள்ள போத்தை மூன்றடிக்கு வெட்டி, வெட்டுவாய் இரண்டு நாள் காய்ந்ததும் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். செராய்க்கும் பண்டான் இலைக்கும் ஒரு கொத்து வேர் போதும், அடுக்குமாடிக்காரர் பால்கனியிலும் வைத்துக்கொள்வார். தட்டை அவர்கள் திருப்பிக் கொண்டுவரும்போது அதில் என்ன இருக்கும் என்பதை அடுத்த தீபாவளிக்குப் பார்க்கலாம்.